ஏழு ஃபோட்டான்களை எப்போது நம்பலாம்?

பாயான் லெப்பாஸில் சில்லுத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் பணிபுரியும் தம்பி ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று சில நிமிடங்களுக்குள் ஏழெட்டு எக்ஸ் கதிர் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, பதிவு செய்கிறது. அதன் பிறகு அந்த இடத்தில் எதுவுமே இல்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கோ ஒரு விண்மீன் வெடித்தது என்று வானியலாளர்கள் எப்படித் துணிந்து சொல்கிறார்கள், தம் தொழிற்சாலையில் என்றால் இதைக் கருவிக் கோளாறு என்று எழுதி ஒதுக்கிவிடுவார்களே என்பது அவர் கேள்வி. பினாங்கில் இருந்துகொண்டு இந்தத் துறையில் நம்மால் ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

தம்பி, உங்கள் ஐயம் எழ வேண்டிய இடத்தில்தான் எழுந்திருக்கிறது. அப்படி வரும் ஏழெட்டுத் துடிப்புகளில் பெரும்பாலானவை உண்மையிலேயே கருவியின் கோளாறாகவோ, எப்போதும் அங்கங்கே சிதறி விழும் பின்னணித் துடிப்புகளின் தற்செயலான குவியலாகவோதான் இருக்கும். எஞ்சும் மிகச் சிலவற்றைப் பிரித்தெடுப்பதே இந்தத் துறையின் வேலை. அதில் தொலைநோக்கியின் திறமைக்கு இணையாக, நாம் எத்தனை இடங்களில் எத்தனை முறை தேடினோம் என்ற கணக்கை மறைக்காமல் வைத்திருப்பதும் முக்கியம் என்று பல ஆண்டுகள் இந்தத் தரவுகளோடு பழகியவன் என்ற முறையில் நான் கருதுகிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செபெராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன். எங்கள் தகரக் கூரையின் ஒரு மூலைக்கு மேலே ரம்புத்தான் மரத்தின் கிளை நீண்டிருந்தது. இரவில் விழித்துக் கிடந்தால் கூரையில் எப்போதாவது ஒரு சொட்டு விழும் ஓசை கேட்கும். மாலையில் பெய்த மழையில் இலைகளில் தங்கிய நீர் அது. கூரை முழுவதும் ஒரே சீராக ஓசை கூடினால், மழை பிடித்துவிட்டது என்று அம்மா எழுந்து வெளிக்கொடியில் கிடக்கும் துணிகளை எடுக்கப் போவார். அந்த ஒரு மூலையில் மட்டும் படபடவென்று பத்துப் பதினைந்து சொட்டுகள் விழுந்து ஓய்ந்தால், கிளையில் வௌவாலோ குரங்கோ வந்து அமர்ந்திருக்கிறது என்று பொருள். அம்மா எழ மாட்டார். இரண்டிலும் சொட்டுகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். எங்கே விழுந்தன, எவ்வளவு நேரத்துக்குள் விழுந்தன என்பதைக் கொண்டே அவர் முடிவெடுத்தார். மங்கலாகத் தோன்றி மறையும் எக்ஸ் கதிர் மூலங்களைத் தேடுகிறவர் செய்வதும் இதே வேலைதான். கூரையின் இடத்தில் சிலிக்கான் உணரி, சொட்டின் இடத்தில் ஃபோட்டான்.

அந்தக் கூரையை ஏன் விண்வெளியில் வைக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றலுடைய எக்ஸ் கதிர்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே பெரும்பாலும் காற்றில் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன; பினாங்கின் கொடிமலை உச்சியில் என்ன, இமயமலை உச்சியில் தொலைநோக்கியை நிறுத்தினாலும் ஒன்றும் தெரியாது. 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு நியூ மெக்சிகோவிலிருந்து ஏவிய ராக்கெட் வளிமண்டலத்துக்கு மேலே இருந்தது சில நிமிடங்களே. சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ் கதிர் மூலமான ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 அந்தச் சில நிமிடங்களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1970 டிசம்பர் 12 அன்று கென்யாவின் கடலோர மேடையிலிருந்து ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள் வானம் முழுவதையும் முதன்முறையாக எக்ஸ் கதிரில் அலசியது. தோன்றி மறையும் மூலங்களும் அந்தக் காலத்திலேயே தென்பட்டன. ஆனால் அவையெல்லாம் பிரகாசமானவை.

உஹுருவில் இருந்தவை குவிக்கும் கண்ணாடி இல்லாத எண்ணிகள். வானத்தின் ஒரு பெரிய துண்டிலிருந்து வரும் எல்லாக் கதிர்களும், கருவியைத் துளைத்துச் செல்லும் காஸ்மிக் கதிர்கள் என்னும் அதிவேகத் துகள்களும் அவற்றில் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தில் ஏழு ஃபோட்டான்கள் கூடுதலாக வந்ததை யாராலும் கண்டுகொள்ள முடியாது. எக்ஸ் கதிர் நேராக மோதினால் கண்ணாடியில் உறிஞ்சப்பட்டுவிடும். மிகச் சிறிய கோணத்தில் பரப்பை உரசினால் மட்டுமே திரும்பும். ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1952 இல் இதற்கேற்ற கண்ணாடி வடிவத்தை வகுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்களைப் போன்ற அந்த அமைப்புதான் இன்றைய பெரிய தொலைநோக்கிகளில் இருக்கிறது. 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திராவில் இரிடியம் பூசிய நான்கு இணைகள் உள்ளன. அதே ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனில் மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் தங்கம் பூசிய 58 ஓடுகள். எரிந்து தீர்ந்த விண்மீனின் எச்சமான வெள்ளைக் குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று இளமையிலேயே கணக்கிட்டுக் காட்டிய நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் சந்திரா தாங்கியிருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டியவற்றின் முடிவான நியூட்ரான் விண்மீன்களையும் கருந்துளைகளையும் அந்தத் தொலைநோக்கி இன்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

குவிப்பதால் மூலத்தின் ஒளி ஓரிடத்தில் சேர்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய பயன், அந்த ஓரிடத்தின் பரப்பு சிறிதாக இருப்பதால் அதில் விழும் பின்னணியும் சிறிதாகிவிடுவது. சந்திராவின் பிரிதிறன் ஏறத்தாழ அரை வில்நொடி (வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600 இல் ஒரு பங்கு). அதன் பார்வையின் நடுப்பகுதியில் ஒரு மூலத்தின் ஃபோட்டான்கள் விழும் சிறு வட்டத்துக்குள், பல மணி நேரம் காத்திருந்தாலும் ஒரு பின்னணி ஃபோட்டான்கூட விழாமல் போகலாம். அப்படிப்பட்ட அமைதியான இடத்தில் ஏழு ஃபோட்டான்கள் பத்து நிமிடத்தில் வந்தால் அது பெரிய செய்தி. அதே ஏழு, பின்னணி மிகுந்த வேறொரு கருவியில் வந்தால் செய்தியே இல்லை.

ஆனால் எவ்வளவு பெரிய செய்தி என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். விளக்கத்துக்காக, உணரியின் ஒரு சிறு வட்டத்தில் அரை மணி நேரத்துக்குச் சராசரியாக அரைப் பின்னணி ஃபோட்டான் விழுகிறது, அதாவது ஒரு மணிக்கு ஒன்று, என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் படிவத்தில் படித்த, தற்செயலாக நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கான பாய்சான் பரவல் நினைவிருக்கும். அதன்படி, ஓர் அரை மணியில் தற்செயலாகவே ஐந்தோ அதற்கு மேலோ விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5,800 இல் ஒன்று. ஐந்து விழுந்துவிட்டாலே போதும், அது உண்மையான மூலம்தான் என்று இதைக் கேட்டவுடன் தோன்றும். முதன்முறை தரவைப் பார்க்கும் மாணவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நாம் பார்த்தது ஒரு வட்டத்தை மட்டும் அன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உணரி முழுவதிலும் அப்படி 10,000 வட்டங்கள் இருக்கின்றன என்றும், 50 மணி நேர நோக்கலை 100 அரைமணித் துண்டுகளாக வெட்டினோம் என்றும் கொள்வோம். நாம் பத்து லட்சம் முறை தேடியிருக்கிறோம். வானத்தில் எதுவுமே நடக்காவிட்டாலும், ஐந்தோ அதற்கு மேலோ விழுந்த இடங்கள் ஏறத்தாழ 172 கிடைக்கும். வரம்பை ஆறுக்கு உயர்த்தினால் 14 கிடைக்கும். ஏழுக்கு உயர்த்தினால் சராசரியாக ஒன்று. எட்டுக்கு உயர்த்தினால் இப்படிப்பட்ட பதினாறு நோக்கல்களுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறையும். ஆகவே நீங்கள் கேட்ட ஏழு ஃபோட்டான்கள், இந்த எடுத்துக்காட்டில், சரியாக எல்லைக்கோட்டில் நிற்கின்றன. ஒரே ஒரு ஃபோட்டான் கூடினால் கதை மாறுகிறது. ஆனால் ஆயிரம் நோக்கல்கள் அடங்கிய காப்பகத்தை முழுவதும் அலசினால் அந்த எட்டும் அறுபது இடங்களில் தற்செயலாகவே கிடைத்துவிடும்.

நான்கு இலக்க எண் லாட்டரியில் ஒவ்வொரு குலுக்கலிலும் யாருக்கோ பரிசு விழத்தான் செய்கிறது. வாங்கியவர்கள் அத்தனை பேர் என்பதால் அதில் வியப்பு ஒன்றும் இல்லை. வாங்கியவர்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் பரிசு விழுந்தவரை மட்டும் காட்டினால்தான் அது அதிசயமாகத் தெரியும். தரவிலும் இதே நிலைதான். அரைமணித் துண்டில் ஒன்றும் அகப்படவில்லை என்று பத்து நிமிடத் துண்டில் தேடி, பிறகு இரண்டு மணித் துண்டில் தேடி, பிறகு ஆற்றல் வரம்பை மாற்றித் தேடி, கடைசியில் ஒன்று அகப்பட்டது என்றால், அத்தனை தேடல்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நேரத்தை நம் விருப்பப்படி வெட்டுவதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஃபோட்டான்கள் வந்துசேர்ந்த நேரங்களையே கொண்டு, வீதம் எங்கே மாறுகிறது என்று கண்டறியும் பேய்சியன் தொகுதிகள் என்ற முறையை ஜெஃப்ரி ஸ்கார்கிள் 1998 இல் வெளியிட்டார். இன்று குறுங்கால மூலங்களைத் தேடும் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த முறையிலும் எத்தனை இடங்களைப் பார்த்தோம் என்ற கணக்கிலிருந்து தப்ப முடியாது.

எண்ணிக்கை தேறிவிட்டால் அடுத்தது உங்கள் துறை: கருவி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டான் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைத்தான் விடுவிக்கும். ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஏறத்தாழ 270 எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. அதனால் ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாக எண்ணவும், எலக்ட்ரான்களின் தொகையிலிருந்து அதன் ஆற்றலை அளக்கவும் முடிகிறது. அந்த மின்னூட்டம் ஒரு பிக்சலிலோ அடுத்தடுத்த இரண்டு முதல் நான்கு பிக்சல்களிலோ அடங்கிவிடும். காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று உணரியைத் துளைத்தால் நீண்ட கோடாகவோ பெரிய திட்டாகவோ பதியும். இந்த வடிவ வேறுபாட்டைக் கொண்டே பெரும்பாலான துகள்கள் முதல் சுற்றிலேயே கழிக்கப்படுகின்றன. வெப்பத்தால் தானாக எழும் மின்னூட்டத்தை அடக்க, சந்திராவின் படமெடுக்கும் உணரியைச் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பி வரும் போலிகள்தாம் தொல்லை தருபவை. துகள் ஒன்று விட்டுச்சென்ற மின்னூட்டம் சிலிக்கானில் உள்ள குறைபாடுகளில் சிக்கிக்கொண்டு, அடுத்தடுத்த படச்சட்டங்களில் சிறிது சிறிதாக வெளிவருவதுண்டு. சந்திரா வழக்கமாக 3.2 நொடிக்கு ஒரு சட்டம் எடுக்கிறது. ஒரே பிக்சலில், அடுத்தடுத்த ஐந்தாறு சட்டங்களில், ஒவ்வொன்றாகத் துடிப்பு வந்து ஓய்ந்தால், அது அச்சு அசலாக ஒரு குட்டி வெடிப்பைப் போலவே இருக்கும். இதற்கு ஓர் அழகான மருந்து வைத்திருக்கிறார்கள். நோக்கல் நடக்கும்போது தொலைநோக்கியையே வேண்டுமென்று மெதுவாக, தொட்டிலை ஆட்டுவதுபோல், இரு திசைகளிலும் அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வானத்தில் உள்ள உண்மையான மூலம் அந்த அசைவுக்கு ஏற்ப உணரியில் பல பிக்சல்களின் மீது நகர்ந்து செல்லும். கெட்டுப்போன பிக்சல் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே ஃபோட்டான் பட்டியலைத் திறந்தவுடன் நான் முதலில் பார்ப்பது வானத்து ஆயங்களை அல்ல, உணரியின் வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும்தான். பல நிமிடங்களில் வந்த ஏழும் ஒரே பிக்சலில் நின்றால் அங்கேயே கோப்பை மூடிவிடலாம்.

எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்கு வேறொரு தொல்லை. பூமியின் காந்தப்புலத்தில் உலவும் குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் கூட்டங்கூட்டமாகக் கண்ணாடிகளின் வழியே உள்ளே புகுந்து, சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை உணரி முழுவதும் எண்ணிக்கையை உயர்த்திவிடும். தகரக் கூரை முழுவதும் ஓசை கூடுவது இதுதான். அந்த நேரத்துத் தரவைப் பலரும் வெட்டி எறிந்துவிடுவார்கள். அதே நேரத்தில் ஒரு மூலையில் உண்மையான வெடிப்பு நடந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும் என்பதால், முழுவதையும் வெட்டாமல், உணரி முழுவதற்கும் பொதுவான ஏற்றத்தை அளந்து, ஒவ்வோர் இடத்திலும் அதைப் பின்னணியாக எடுத்துக்கொண்டு தேடுவதையே நான் சரியென்று கருதுகிறேன். உழைப்பு கூடத்தான் செய்யும்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், எக்ஸ்எம்எம்-நியூட்டனின் பழைய நோக்கல் ஒன்றில், நாற்பது நிமிடத்துக்குள் ஒன்பது ஃபோட்டான்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதைக் கண்டேன். புரோட்டான் ஏற்றம் இல்லை. பிக்சல்களும் வேறு வேறாக இருந்தன. தற்செயலாக நடப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டேன். மிகச் சிறிதாக வந்தது. இரண்டு நாள் உறக்கம் இல்லாமல் அதைப் பற்றிய குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், உடன் பணிபுரிந்த மூத்த அக்கா ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மற்ற இரண்டு கேமராக்களில் எத்தனை விழுந்தன? அந்தத் தொலைநோக்கியில் மூன்று கேமராக்கள் ஒரே வானத்தை ஒரே நேரத்தில் பார்க்கின்றன. அவற்றில் ஒன்று மற்ற இரண்டைவிடக் கூடுதலான ஃபோட்டான்களைப் பிடிக்கக்கூடியது. நான் பார்த்தது உணர்திறன் குறைந்த ஒரு கேமராவின் தரவை. அதில் ஒன்பது என்றால் பெரிய கேமராவில் இருபதுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். திறந்து பார்த்தேன், ஒன்று இருந்தது. மூன்று சாட்சிகள் இருக்கையில் ஒருவரை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுத முனைந்திருக்கிறேன். அன்று முதல், மூன்று கேமராக்களின் பட்டியலையும் திரையில் அருகருகே வைக்காமல் நான் எதையும் எண்ணுவதில்லை.

கருவியைத் தாண்டிவிட்டால் வானமே வைக்கும் சோதனை ஒன்று உண்டு. நம் சூரியனுக்கு அண்மையில் சிறிய சிவப்புக் குறுமீன்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் காந்தப்புலம் அவ்வப்போது வெடித்து எக்ஸ் கதிரை வீசும். தொலைதூர விண்மீன் மண்டலத்தில் நடந்த பெரு நிகழ்வு என்று நினைத்துத் தேடப் போனால், பெரும்பாலும் அகப்படுவது இந்த அண்டை வீட்டு மத்தாப்புதான். எனவே கையா செயற்கைக்கோள் தொகுத்த விண்மீன் பட்டியலில் அந்த இடத்தைப் பார்த்து, அங்கே சிவப்பு விண்மீன் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே மேலே போக முடியும். இந்த வேலைக்கும் கூர்மையான பிரிதிறன் வேண்டும். இடம் சரியாகத் தெரியாவிட்டால், எந்த விண்மீனை ஒதுக்குவது, எதை ஏற்பது?

இத்தனை வாயில்களையும் கடந்து வந்தவை எவ்வளவு அருமையானவை என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2008 ஜனவரி 9 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், என்ஜிசி 2770 என்ற விண்மீன் மண்டலத்தில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறிய விண்மீனை, பார்த்துக்கொண்டிருந்தது. அதே மண்டலத்தின் வேறோர் இடத்தில் சில நிமிடங்கள் ஓர் எக்ஸ் கதிர் வெடிப்பு எழுந்து தணிந்தது. அலிசியா சோடர்பெர்க் குழுவினர் அதைக் கண்டு உடனே பிற தொலைநோக்கிகளைத் திருப்பச் செய்தார்கள். எஸ்என் 2008டி என்று பின்னர் பெயர் பெற்ற சூப்பர்நோவா அங்கே வளர்ந்து வந்தது. விண்மீனின் உள்ளே கிளம்பிய அதிர்ச்சி அலை அதன் மேற்பரப்பை உடைத்து வெளியேறிய அந்த நொடியையே அவர்கள் பிடித்திருந்தார்கள். வழக்கமாக நாம் ஒரு சூப்பர்நோவாவைக் காண்பது, வெடித்துப் பல நாள் கழித்து ஒளி கூடிய பிறகுதான்.

இரண்டாவது, மங்கலின் எல்லைக்கே போன கதை. வானத்தின் தென்பகுதியில் ஒரு சிறு துண்டைச் சந்திரா பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து, மொத்தம் 70 லட்சம் நொடிகள், அதாவது ஏறத்தாழ 81 நாள்கள், நோக்கியிருக்கிறது. அந்தத் தரவில் 2015 மார்ச் 22 அன்று ஒரு மூலம் தோன்றி, அரை மணி நேரம் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் நின்று, பிறகு ஆறேழு மணி நேரத்தில் தேய்ந்து மறைந்தது. கிடைத்தவை நூற்றுச் சொச்சம் ஃபோட்டான்களே. 2019 இல் வெளியான ஆய்வில், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகி, கடும் காந்தப்புலம் கொண்ட மேக்னெட்டார் ஒன்று பிறந்து, அது வேகம் குறைந்து சுழன்றபோது வீசிய கதிர் இது என்று விளக்கினார்கள். ஒளி புறப்பட்டது 660 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த விளக்கத்தை முற்றிலும் நிறுவ ஈர்ப்பலைச் சான்று வேண்டும்; ஆனால் சமதளமாக நின்று பிறகு தேயும் அந்த வளைவு, மேக்னெட்டார் கோட்பாடு எதிர்பார்த்த வடிவத்தோடு பொருந்துவது உண்மை. அதற்கு முன் 2014 அக்டோபரிலும் அதே துண்டில் வேறொரு வெடிப்பு பதிவாகியிருந்தது. அதன் காரணம் பற்றிய விவாதம் ஓயவில்லை.

தொலைவினால் மங்கியவை இவை. இயல்பிலேயே மங்கலானவையும் உண்டு. நம் பால்வீதியின் மையத்தை ஸ்விஃப்ட் 2006 முதல், சூரியன் குறுக்கே வராத மாதங்களில், ஏறக்குறைய நாள்தோறும் சிறிது நேரம் பார்த்து வந்திருக்கிறது. கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ தன் துணை விண்மீனிடமிருந்து மிகக் குறைவான பொருளை இழுத்து, வழக்கமான வெடிப்புகளில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒளிரும் மூலங்கள் பல அங்கே அகப்பட்டன. 2013 ஏப்ரலில் அங்கே ஓர் எழுச்சி தெரிந்தபோது, மையக் கருந்துளைதான் விழித்துக்கொண்டது என்று பலரும் முதலில் எண்ணினார்கள். நுஸ்டார் தொலைநோக்கி அந்தக் கதிரில் 3.76 நொடிக்கு ஒருமுறை துடிப்பு இருப்பதைக் கண்டது. கருந்துளை அப்படித் துடிக்காது. சந்திரா பார்த்தபோது, மூலம் கருந்துளையிலிருந்து சில வில்நொடிகள் தள்ளியிருந்த ஒரு மேக்னெட்டார் என்பது தெளிவானது. ஒரு கருவி எச்சரிக்க, இன்னொன்று துடிப்பை எண்ண, மூன்றாவது இடத்தைக் குறிக்க, மூன்றும் சேர்ந்துதான் அது என்னவென்று சொல்ல முடிந்தது.

இதில் ஒரு பெருங்குறை இருந்தது. சந்திராவின் முதன்மைப் படக் கருவியின் பார்வை முழு வானத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. எப்போது எங்கே வெடிக்கும் என்று தெரியாத ஒன்றுக்கு, அவ்வளவு சிறிய சாளரத்தின் முன் உட்கார்ந்திருப்பது அதிர்ஷ்டத்தை நம்புவதுதான். பெரிய சாளரம் வைத்த பழைய கருவிகளுக்கோ மங்கலானவை தெரியாது. இந்த முடிச்சை அவிழ்த்தது சிங்கி இறாலின் கண். அதன் கண்ணில் வில்லை கிடையாது. நுண்ணிய சதுரக் குழல்கள் ஒரு கோளப் பரப்பில் நெருக்கமாக அடுக்கப்பட்டு, குழல்களின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி உள்ளே குவிகிறது. எக்ஸ் கதிருக்கும் இப்படிச் செய்யலாம் என்று ரோஜர் ஏஞ்சல் 1979 இல் எழுதினார். அத்தகைய துளைகளைக் கண்ணாடியில் துல்லியமாக அமைக்கும் தொழில்நுட்பம் கைகூடிப் பெரிய அளவில் வானத்துக்குச் செல்ல நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

2024 ஜனவரி 9 அன்று சீனா ஏவிய ஐன்ஸ்டைன் புரோப் அந்த வகைக் கண்ணைத்தான் கொண்டிருக்கிறது. 12 பகுதிகள், அவற்றில் மொத்தம் 48 சிமாஸ் (CMOS) வகைப் பட உணரிகள், ஒரே பார்வையில் 3,600 சதுரப் பாகை வானம். அதாவது முழு வானத்தில் பதினொன்றில் ஒரு பங்கு. சிமாஸ் சில்லுகளைத் தினமும் சோதிக்கும் உங்களுக்கு இந்தச் செய்தி தனியாக மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன். அந்தக் கண்ணில் ஒரு மூலம் புள்ளியாக மட்டும் பதியாது. நடுவில் புள்ளியும் நான்கு பக்கமும் கைகளும் கொண்ட சிலுவையாகப் பதியும். தேடும் நிரல் அந்தச் சிலுவையையே தேடுகிறது. கெட்ட பிக்சல் ஒருபோதும் சிலுவை வரையாது என்பதால், வடிவமே பாதிச் சோதனையைச் செய்து முடித்துவிடுகிறது. பிரிதிறன் ஏறத்தாழ ஐந்து வில்நிமிடம், அதாவது 300 வில்நொடிதான். ஆகவே எதையாவது கண்டதும் செயற்கைக்கோள் தானாகவே திரும்பி, கூடவே வைத்திருக்கும் இன்னொரு தொலைநோக்கியால் அந்த இடத்தைக் கூர்ந்து பார்க்கிறது. 2024 மார்ச் 15 அன்று அது கண்ட வெடிப்பு செந்நகர்ச்சி 4.859 இல் நிகழ்ந்தது (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவே செந்நகர்ச்சி). அந்த ஒளி 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்திருக்கிறது. அங்கிருந்து காமாக் கதிர் வெடிப்பும் வந்தது, ஆனால் எக்ஸ் கதிர் அதற்குப் பல நிமிடங்கள் முன்பே தொடங்கிவிட்டிருந்தது. காமாக் கதிரை மட்டும் பார்த்து வந்த காலத்தில் நாம் தவறவிட்ட முன்கதை எவ்வளவு இருக்கும் என்பதை இது உணர்த்துகிறது.

இனி, பினாங்கிலிருந்து என்ன செய்யலாம் என்ற கேள்வி. முதலில் ஒரு நல்ல செய்தி: பூமத்திய ரேகைக்கு மேலான பாதை எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளுக்கு உகந்த பாதை. பிரேசிலுக்கு மேலே காந்தப்புலம் வலுவிழந்து துகள்கள் தாழ இறங்கும் பகுதி ஒன்று உண்டு. சாய்வு குறைந்த பாதையில் சுற்றினால் அதன் விளிம்பை மட்டும் தொட்டுச் செல்லலாம், பின்னணி குறையும். உஹுருவைக் கென்யாவிலிருந்து ஏவியதன் பயன்களில் இதுவும் ஒன்று. இந்தியா 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆஸ்ட்ரோசாட் 650 கிலோமீட்டர் உயரத்தில், 6 பாகைச் சாய்வில் சுற்றுவதும் அதனால்தான். பினாங்கு இருப்பது 5.4 பாகை வடக்கில். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒவ்வொரு சுற்றிலும் அது நம் வானத்தைக் கடந்து செல்கிறது.

ஆனால் நீங்கள் உண்மையில் வேலை செய்யப்போவது காப்பகத்தில். சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், ஸ்விஃப்ட், ஆஸ்ட்ரோசாட் ஆகியவற்றின் தரவுகள், நோக்கியவருக்கென ஒதுக்கிய காலம் முடிந்ததும், பெரும்பாலும் ஓராண்டுக்குள், எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்துவிடப்படுகின்றன. அவற்றை அலசும் மென்பொருள்களும் இலவசம். கட்டணமும் இல்லை, பல்கலைக்கழக அடையாள அட்டையும் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியும் பொறுமையும் போதும். பழைய நோக்கல்களில் யாரும் தேடிப் பார்க்காத மூலைகள் நிறைய இருக்கின்றன. கெட்ட பிக்சலை மோப்பம் பிடிக்கப் பழகிய உங்கள் கண், வானியல் மட்டும் படித்து வருகிறவருக்குச் சட்டென்று வாய்க்காத ஒன்று.

சந்திராவின் அந்தத் தென்வானத் துண்டில், 2015 மார்ச் 22 ஆம் நாள் நோக்கலை இறக்கிக்கொள்ளுங்கள். விடை தெரிந்த கணக்கில் கை பழகுவது நல்லது. ஃபோட்டான் பட்டியலைத் திறந்து, அந்த மூலம் இருந்த வட்டத்துக்குள் விழுந்தவற்றை மட்டும் பிரித்து, வந்த நேரம், வரிசை எண், நிரல் எண், ஆற்றல் என்று நான்கு பத்திகளாக ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதே அளவுள்ள வேறு நூறு வட்டங்களை வானத்தின் வெற்றிடங்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை விழுந்தன என்று எண்ணி, அதே தாளின் மறுபக்கத்தில் குறித்துவையுங்கள். சனிக்கிழமை மாலையில் நான் ஜார்ஜ்டவுனில்தான் இருப்பேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், மறுபக்கத்திலிருந்து தொடங்குவோம்.